இடுப்பு என்றால் எந்த இடம்? சுங்கை சிப்புட் வாசகர்களின் மூட்டுக் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். எல்லாமே இடுப்பு மூட்டுத் தேய்மானம் பற்றியவை. எழுதியவர்களில் பலர் பால்மரத்திலும் செம்பனையிலும் பல வருடம் உழைத்தவர்கள். பதில் எழுதுபவர்கள் மூட்டு நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள்.

கேள்வி: எனக்கு வயது 61. முப்பது வருடம் பால்மரம் வெட்டினேன். இரண்டு வருடமாக இடது தொடையின் முன்பக்கம் வலி. முழங்கால் வரை இறங்குகிறது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன், பட்டை போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எக்ஸ்ரே எடுத்து ‘இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது’ என்கிறார்கள். எனக்கு இடுப்பில் வலியே இல்லையே! எக்ஸ்ரே மாறிப்போயிருக்குமா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

எக்ஸ்ரே மாறியிருக்காது, அம்மா. குழப்பம் சொல்லில்தான் இருக்கிறது. ‘இடுப்பு’ என்று நாம் கை வைத்துக் காட்டுவது குடத்தைத் தூக்கி வைக்கும் இடம். அல்லது பின்பக்கம், முதுகின் அடி. டாக்டர் சொல்லும் இடுப்பு மூட்டு வேறு. தொடை எலும்பின் உச்சியில் பந்து போல ஒரு தலை உண்டு. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூட்டு இருப்பது தொடை இடுக்குக்கு உள்ளே, ஆழத்தில். விரலால் தொட்டுக் காட்ட முடியாது. அதனால்தான் இந்த வலி உள்ளவர்கள் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரலை நீட்டுவதில்லை. கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் என்று தொடையின் மேல்பகுதியைக் கையால் கவ்விக் காட்டுகிறார்கள்.

இந்த மூட்டுக்கு உணர்வு தரும் நரம்புகளின் கிளைகளே முழங்காலுக்கும் போகின்றன. அதனால் மேலே உள்ள கோளாறு கீழே முழங்காலில் வலியாகத் தெரியும். முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து வருடங்கள் போவது இப்படித்தான்.

வீட்டிலேயே சில அறிகுறிகளைப் பாருங்கள். அந்தக் காலின் நகத்தை வெட்டக் குனிய முடியவில்லையா? செருப்பின் பின்வாரை மாட்ட, பாதத்தைத் தூக்கி மறு தொடையின் மேல் போட முடியவில்லையா? காரில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்கிறீர்களா? காலையில் எழுந்ததும் பிடித்துக்கொண்டு, நாலு எட்டு நடந்து அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால் பெரும்பாலும் மூட்டுதான். வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் போல ஓடி, மரத்தும் போனால் முதுகுத் தண்டைப் பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது தொடையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் மட்டும் வலித்தால், அது பெரும்பாலும் அங்கே வந்து சேரும் தசைநாரின் கோளாறு.

கேள்வி: லாரி ஓட்டியவன் நான். தேய்ந்த டயரை மேலும் ஓட்டினால் வெடிக்கும். தேய்ந்த மூட்டை மட்டும் ஏன் ஆட்டச் சொல்கிறார்கள்? ஓய்வு கொடுப்பதுதானே நியாயம்?
(வாசகர், லிந்தாங்)

ஐயா, டயருக்கு உயிர் இல்லை. மூட்டுக்கு உண்டு. எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் உள்ள வழவழப்பான நீர்தான் அதற்குச் சாப்பாடு. பாத்திரம் கழுவும் பஞ்சை அழுத்தினால் தண்ணீரை விடும், கையை எடுத்தால் உறிஞ்சும். குருத்தெலும்பும் அப்படித்தான், அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வந்தால்தான் அதற்கு ஊட்டம் சேரும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மூட்டைப் பட்டினி போடுவது.

இன்னொரு காரணம் தசை. நாம் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்தக் கணத்தில் இடுப்பு மூட்டின் மேல் விழும் பாரம் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 முதல் 180 கிலோ. அந்த நேரத்தில் இடுப்பெலும்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் பக்கவாட்டில், பிட்டத்தின் மேற்பகுதியில் உள்ள தசை. அலமாரிக் கண்ணாடி முன்னால், ஒரு கையால் மேசையைத் தொட்டுக்கொண்டு, வலியுள்ள காலில் மட்டும் நின்று பாருங்கள். கைலியின் விளிம்பு மறுபக்கம் கீழே இறங்கினாலோ, இறங்காமலிருக்க உடம்பு வலியுள்ள பக்கம் சாய்ந்தாலோ அந்தத் தசை சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓய்வு அதை மேலும் சோர வைக்கும். சோர்ந்தால் நொண்டல், நொண்டினால் வலி, வலித்தால் மறுபடி நாற்காலி. இந்தச் சுற்றை அறுக்க மருந்தால் முடியாது.

உண்மையையும் சொல்லிவிடுகிறோம். பயிற்சி தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துத் தராது. எக்ஸ்ரே படம் அப்படியே இருக்கும். வலி சிலருக்கு நன்றாகவும் பலருக்கு ஓரளவும் குறையும். நடையும் எழுந்து உட்காருவதும் லேசாகும். அதற்கும் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே பலன் தேடுகிறவர்கள்தான் கைவிடுகிறார்கள். ஆனாலும் நம் சுகாதார அமைச்சு 2013இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டியும் சரி, பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்டதும் சரி, பயிற்சியைச் சிகிச்சையின் அடித்தளமாக வைத்திருக்கின்றன. தள்ளிப்போடக்கூடிய விஷயமல்ல இது.

கேள்வி: கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். மலாயில் எழுதி, குச்சி மனிதன் படம் போட்டிருக்கிறது. எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று புரியவில்லை. வீட்டில் கருவி ஒன்றும் கிடையாது. என்ன செய்வது என்று விளக்கமாக எழுதுங்கள். வயது 58, வலது பக்கம்.
(வாசகி, டோவன்பி தோட்டம்)

கருவி வேண்டாம், அம்மா. கைப்பிடி இல்லாத கெட்டியான மர நாற்காலி, ஒரு சுவர், ஒரு வாசற்படி, பழைய காலுறை ஒன்று, அரைக் கிலோ அரிசி போதும். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நீட்டிவிடும் பயிற்சி தினமும்.

முதலில் நாற்காலி. இருக்கையின் உயரம் ஏறக்குறைய 45 செ.மீ. நாற்காலியைச் சுவரில் ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், மொசைக் தரையில் பின்னால் நழுவும். முன்விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மார்பை முன்னே கொண்டுவந்து எழுந்திருங்கள். கையை நெஞ்சின் மேல் கட்டிக்கொள்ளலாம். உட்காரும்போது ‘பொத்’ என்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். பாதிப் பலன் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. 8 முதல் 12 தடவை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி அதே அளவு. இப்படி இரண்டு சுற்றில் தொடங்கி மூன்றுக்குப் போகலாம். தொடை இடுக்கில் பிடித்தால் இருக்கையில் கம்பளியை மடித்துப் போட்டு உயர்த்துங்கள். வாரங்கள் போகப் போக ஒவ்வொரு மடிப்பாக எடுத்துவிடுங்கள். பெரும்பாலோர் செய்யும் தப்பு, தெரியாமலே பாரத்தை நல்ல காலுக்குத் தள்ளிவிடுவது. அடியில் இரண்டு தராசு இருப்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டிலும் ஒரே எடை விழும்படி எழுந்திருங்கள்.

அடுத்தது ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது. மேலே சொன்ன பக்கவாட்டுத் தசைக்கு இதுதான் மருந்து. மிக அதிகமாகத் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். உங்களுக்கு வலது பக்கம் என்பதால் இடது பக்கம் படுங்கள், கீழ்க்காலை மடித்துக்கொள்ளுங்கள், வலது காலை நேராக நீட்டித் தூக்குங்கள் என்று தாளில் இருக்கும். வீட்டில் நடப்பது என்ன? காலைத் தூக்கும்போது இடுப்பு மெல்லப் பின்னால் உருண்டு, கால் முன்னால் வந்து, பெருவிரல் கூரையைப் பார்க்கும். அப்போது வேலை செய்வது தொடையின் முன்தசை. அது ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசை, அதைத்தான் மேலும் இறுக்குகிறோம். பக்கவாட்டுத் தசை தூங்கிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்கச் சுவர் போதும். முதுகும் பிட்டமும் குதிகாலும் சுவரில் படும்படி படுங்கள். குதிகாலால் சுவரை லேசாக அழுத்திக்கொண்டே காலை மேலே வழுக்கிக் கொண்டுபோங்கள். பெருவிரல் கொஞ்சம் தரையைப் பார்க்கட்டும். 20 அல்லது 30 செ.மீ. உயரம் போதும், அதற்கு மேல் போனால் இடுப்புதான் தூக்குகிறது. மேலே இரண்டு எண்ணி, மெதுவாக இறக்குங்கள். சரியாகச் செய்தால் ஐந்தாறு தடவையிலேயே பிட்டத்தின் மேல்மூலையில் ஒரு எரிச்சல் தெரியும். அந்த எரிச்சல்தான் அடையாளம். 12 தடவை சுலபமாக வந்ததும், காலுறைக்குள் அரைக் கிலோ அரிசியைக் கட்டிக் கணுக்காலுக்கு மேல் சுற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து இடுப்பைத் தூக்குவது. தரையில் பாய் விரித்துச் செய்யலாம். தரையில் இறங்கி ஏற முடியாதவர்கள் கட்டிலில் செய்யலாம். வயிற்றை லேசாக உள்ளிழுத்து, பிட்டத்தை இறுக்கி, முழங்காலும் தோளும் ஒரே கோட்டில் வரும் அளவு தூக்கி மூன்று எண்ணி இறக்குங்கள். கெண்டைக்காலோ தொடையின் பின்பக்கமோ சுளுக்கிப் பிடித்தால் பாதங்கள் தூரமாக இருக்கின்றன. பிட்டத்தின் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வாசற்படி. 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள படி, பக்கத்தில் பிடிமானம். வலியுள்ள காலைப் படியில் வைத்து, கீழேயுள்ள காலால் உந்தாமல் ஏறி, மெதுவாக இறங்குங்கள். பழைய லயத்து வீடுகளின் படி பல இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் இருக்கும். தொடக்கத்திலேயே அதில் ஏறி வலியைக் கிளப்பிக்கொள்ளாதீர்கள். தாழ்ந்த படியைத் தேடுங்கள்.

நீட்டிவிடுவதற்குத் தினமும் பத்து நிமிடம். குப்புறப் படுத்து அப்படியே கிடப்பது முதல் வேலை. சும்மா படுப்பது போலத் தெரியும், ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்தே மடங்கிப்போன மூட்டின் முன்பக்கத்தை இது திறக்கிறது. பிறகு கட்டிலின் விளிம்பில் பிட்டம் வரும்படி மல்லாந்து படுத்து, நல்ல காலின் முழங்காலை நெஞ்சோடு அணைத்து, வலியுள்ள காலைக் கீழே தொங்கவிடுங்கள். 30 விநாடி, மூன்று தடவை. முதுகு கட்டிலை விட்டு வளைந்து எழும்பினால் பலன் இல்லை. காலையில் பிடிப்பு அதிகம் உள்ளவர்கள், எழுந்ததும் நல்ல காலால் படியின் மேல் நின்று, சுவரைப் பிடித்தபடி, வலியுள்ள காலை முன்னும் பின்னும் கடிகாரத் தொங்கல் போல 20 தடவை ஆட்டினால் முதல் பத்து அடி சுலபமாக இருக்கும்.

கூடத்தில் தொங்கும் குதிரைக் காலண்டரில் ஒரு கணக்கு எழுதுங்கள். 30 விநாடியில் கையை ஊன்றாமல் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுந்தீர்கள் என்று வாரம் ஒரு நாள் எண்ணிப் போடுங்கள். வலி ஏறும் இறங்கும். அந்த எண் ஏமாற்றாது.

கேள்வி: செம்பனைக் குலை அறுக்கும் வேலை. வயது 54. சொன்னபடி பயிற்சி செய்தேன், இரவெல்லாம் வலி. ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன். வலித்தாலும் செய்ய வேண்டுமா? வேலையையும் விட முடியாது.
(வாசகர், எல்பில் தோட்டம்)

வலியே வரக்கூடாது என்றால் யாராலும் தொடங்க முடியாது. வலி வந்தாலும் பரவாயில்லை என்றால் பயிற்சி ஒரு வாரத்தில் நின்றுவிடும். நடுவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. வலியே இல்லை என்பது 0, தாங்கவே முடியாதது 10. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் தாராளமாகத் தொடரலாம். 3 முதல் 5 வரை இருந்தாலும் செய்யலாம். 5ஐத் தாண்டினால் அந்தப் பயிற்சி அன்றைக்கு அதிகம். கடைசித் தீர்ப்பு மறுநாள் காலை. 24 மணி நேரத்துக்குள் வலி உங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிட்டதா? அப்படியென்றால் அளவு சரி. திரும்பவில்லையா? விட்டுவிடாதீர்கள், குறையுங்கள். முதலில் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அதிலும் அடங்கவில்லை என்றால் உயரத்தைக் குறையுங்கள் (நாற்காலியை உயர்த்துவது, படியைத் தாழ்த்துவது). பாரம் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

உங்கள் விஷயத்தில் எங்கள் கணிப்பு: காலை முதல் குலை அறுத்துவிட்டு, வந்த களைப்போடு சாயங்காலம் முழுப் பயிற்சியும் செய்திருப்பீர்கள். ஏற்கெனவே சோர்ந்த தசை அது. வலுப் பயிற்சியை ஓய்வு நாளிலும், வாரத்தில் வேலை குறைவான இன்னொரு நாளிலும் வையுங்கள். இரண்டு நாள் போதும். வேலை நாளில் நீட்டிவிடுவது மட்டும். ‘நான் தினமும் உடம்பை முறித்து வேலை செய்கிறேனே, பயிற்சி எதற்கு?’ என்று உங்களைப் போன்றவர்கள் கேட்பதுண்டு. தோட்ட வேலை குனிவது, தூக்குவது, ஒரே பக்கம் திரும்புவது என்று சில தசைகளையே வாட்டுகிறது. பக்கவாட்டுத் தசைக்கும் காலைப் பின்னால் நீட்டும் தசைக்கும் அதில் பங்கு குறைவு.

முதிர்ந்த மரத்தின் குலை 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். அதைத் தள்ளுவண்டியில் போடும்போது காலை ஊன்றியபடி உடம்பை முறுக்காமல், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இந்த மூட்டுக்கு ஆகாத அசைவு அந்த முறுக்கல்தான். ஒரு கையில் எதையாவது தூக்க வேண்டி வந்தால் வலியுள்ள காலின் பக்கத்துக் கையில் தூக்குங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். மறு பக்கக் கையில் தூக்கினால் பாரம் இடுப்பை அந்தப் பக்கம் இழுக்கும். அதைத் தடுக்கத் தசை இன்னும் கடுமையாக இழுக்க, மூட்டின் மேல் அழுத்தம் கூடும். அதே பக்கத்தில் தூக்கினால் தசையின் வேலை குறையும்.

மோட்டாரில் ஏறுவதும் பலருக்குச் சிரமம். கப்சாய் வண்டி என்றால் காலைப் பின்னால் வீசிப் போடாதீர்கள். இருக்கைக்கு முன்னால் உள்ள இடைவெளி வழியாகக் காலை நுழைத்து ஏறுங்கள்.

கேள்வி: ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது? வலிக்கிற பக்கம்தானே?
(வாசகி, சுங்கை சிப்புட்)

இல்லை, எதிர்க் கையில். வலது மூட்டு வலித்தால் இடது கை. வலது கால் முன்னே போகும்போது கோலும் கூடவே போக வேண்டும். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் காலும் கோலும் முதலில்.

வெட்கப்பட்டுக் குடையை ஊன்றி நடப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அந்தக் குடையின் முனை கடைவரிசையின் ஐந்தடிப் பாதையில், மழை பெய்த டைல்ஸில், ஒரு நொடியில் வழுக்கும். கோலின் அடியில் உள்ள ரப்பரைக் கவிழ்த்துப் பாருங்கள். வரிகள் மறைந்திருந்தால் மாற்றுங்கள், சில ரிங்கிட்தான். விழுந்து தொடை எலும்பு முறிவதோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை.

கேள்வி: தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறார்கள். இரண்டாயிரத்திலேயே நொண்டுகிறேன்.
(வாசகர், சுங்கை சிப்புட்)

எண்ணை மறந்துவிடுங்கள், ஐயா. நொண்டல் தொடங்கும் இடம்தான் உங்கள் எல்லை. நொண்டிக்கொண்டே நடந்தால் அந்தக் கெட்ட நடைதான் பழகும். பதினைந்து நிமிடத்தில் நொண்டுகிறீர்கள் என்றால் பத்து நிமிடத்தில் நிறுத்தி, சாயங்காலம் இன்னொரு பத்து நிமிடம். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். தோட்டத்துச் செம்மண் பாதை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் ஒரே கால் பள்ளத்தில் விழும்படி நடக்காமல், பள்ளித் திடல் போன்ற சமதளத்தில் நடங்கள். சைக்கிள் இந்த மூட்டுக்கு ரொம்ப நல்லது. இருக்கையை மட்டும் உயர்த்துங்கள். மிதி கீழே போகும்போது முழங்கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். தாழ்ந்த இருக்கையில் முழங்கால் நெஞ்சுக்கு வரும், தொடை இடுக்கில் குத்தும். தண்ணீரில் நடப்பதும் நல்லதுதான், ஆனால் நீச்சல் குளத்தில் மட்டும். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக் குட்டைகளில் இறங்காதீர்கள். கரையிலிருந்து இரண்டாவது அடியிலேயே ஆழம் விழுங்கிவிடும்.

கேள்வி: கோவிலில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. குந்தும் கழிவறையில் எழுந்திருக்கவே முடியவில்லை. பழகிப் பழகிச் சரி செய்யலாமா?
(வாசகி, ஹீவுட் தோட்டம்)

சம்மணமும் குந்துவதும் மூட்டை அதன் எல்லை வரை மடக்கி வெளியே திருப்புகிற நிலைகள். தேய்ந்த மூட்டில் எலும்பு விளிம்புகள் தடித்திருக்கும். எவ்வளவு பழகினாலும் எலும்பு வழிவிடாது. கோவிலில் நாற்காலி கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை, அம்மா. கழிவறைக்கு நடுவில் துளையுள்ள நாற்காலியை வாங்கிக் குழிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். சுவரில் கம்பி ஒன்றைப் பதித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்து எழும் பழக்கம் ஆபத்து.

சோபா தாழ்வாக இருந்தால் மெத்தையை உயர்த்துங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பை விடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகும்.

கேள்வி: பசார் மாலாமில் மூட்டு வலிக்கு ஒரு மூலிகைக் கேப்சூல் வாங்கினேன். இரண்டே நாளில் வலி பறந்தது. நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன். பயிற்சி இனித் தேவையா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

ஐயா, இந்தப் பதிலை இன்றே படித்து இன்றே கிளினிக்குக்குப் போங்கள். தேய்மான வலியை இரண்டு நாளில் துடைத்தெடுக்கும் மூலிகை எதுவும் இல்லை. அப்படி வேலை செய்தால், உள்ளே சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் கலந்த மூலிகைப் பொருள்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. முகம் உப்புவது, சர்க்கரை எகிறுவது, இரத்த அழுத்தம் கூடுவது, தோல் மெலிந்து லேசாகப் பட்டாலும் கன்றிப்போவது ஆகியவை அதன் அடையாளங்கள். உங்கள் நோய்க்கு இதில் தனி ஆபத்து உண்டு: நீண்ட நாள் ஸ்டீராய்டு, தொடை எலும்புத் தலைக்குப் போகும் இரத்த ஓட்டத்தை நிறுத்தி அந்த எலும்பையே சாகடிக்கலாம். எந்த மூட்டைக் காப்பாற்றச் சாப்பிட்டீர்களோ அதே மூட்டு.

ஆனால் நாலு மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். புட்டியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். இனி எதை வாங்கினாலும் பெட்டியில் ‘MAL’ (மால்) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாததைத் தொடவே வேண்டாம்.

எண்ணெய் தேய்ப்பதிலும் 15 நிமிடம் வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுப்பதிலும் தவறில்லை, தசை இளகும். பயிற்சிக்கு முன் செய்தால் இன்னும் நல்லது. ‘மூட்டை எடுத்துவிடுகிறேன்’ என்று காலை முறுக்கி இழுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: எப்படியும் ஆபரேஷன்தான் என்கிறார்கள். அப்புறம் எதற்குப் பயிற்சி? பயிற்சியே செய்யக்கூடாதவர்கள் யார்?
(வாசகர், லிந்தாங்)

எல்லோருக்கும் ஆபரேஷன் ஆவதில்லை. மூன்று மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தும், வலி தூக்கத்தைக் கெடுத்து, கடைக்குப் போய்வருவதே பாடாக இருந்தால் அப்போது பேச வேண்டிய விஷயம் அது. எக்ஸ்ரே மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. மாற்று மூட்டுகளில் பாதிக்கு மேல் 25 வருடம் வரை உழைக்கின்றன என்பதால், தேவைப்படும்போது பயந்து ஒதுங்கவும் வேண்டாம். தசையை வலுவாக்கிக்கொண்டு போகிறவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடக்கும்போது அந்த வலுதான் கைகொடுக்கும். அதனால் இன்று செய்யும் பயிற்சி எந்த வழியிலும் வீணில்லை. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான் கட்டணம். அங்கே டாக்டரைப் பார்த்து பிசியோதெரபிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தானாகத் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில தடவையாவது ஒருவர் பார்த்துத் திருத்தினால் பயிற்சி சரியாக அமையும்.

விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாதவர்கள், காய்ச்சலோடு மூட்டு வலிப்பவர்கள், படுத்திருந்தாலும் இரவில் ஓயாத வலியும் காரணமில்லாத எடை இழப்பும் உள்ளவர்கள், முன்பு புற்றுநோய் வந்து இப்போது புதிதாக எலும்பு வலிப்பவர்கள் பயிற்சியைத் தொடாமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வலிக்கிற கால் குட்டையாகிவிட்டது போலிருக்கிறது. செருப்புக்கு அடியில் ரப்பர் ஒட்டி உயர்த்தலாமா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

அளக்காமல் ஒட்டாதீர்கள், அம்மா. மூட்டு மடங்கி இறுகியதாலும் இடுப்பெலும்பு சாய்ந்து நிற்பதாலும் கால் குட்டை போலத் தெரியலாம். எலும்பின் நீளம் மாறியிருக்காது. அந்த நிலையில் செருப்பை உயர்த்தினால் சாய்வு நிலைத்துவிடும், முதுகும் சேர்ந்து வலிக்கும். பிசியோதெரபிஸ்ட் உங்களைப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் எலும்பு வரை இரண்டு காலையும் நாடாவால் அளப்பார். அரை சென்டிமீட்டர் வித்தியாசம் நல்ல உடம்புக்காரர்களுக்கும் உண்டு, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் எவ்வளவு உயர்த்துவது என்று அவர் சொல்வார். அதுவரை குப்புறப் படுக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள்.